வீட்டுக்கு எந்த கீசர்? வாளியைக் கேளுங்கள்!

பெண்ணாடத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் 'பாய்லர்' என்று சொன்னால் ஒரே பொருள்தான் நினைவுக்கு வரும். கொல்லைப்புறத்தில், கிணற்றடி ஓரமாக நிற்கும் செம்புப் பாய்லர். நடுவில் குழாய் மாதிரி ஓர் இடைவெளி இருக்கும். அதில் கரியோ, தேங்காய் மட்டையோ, சுள்ளியோ போட்டுப் பற்றவைத்தால் சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகும். மார்கழி விடியலில் பிரளயகாலேஸ்வரர் கோயிலுக்குக் கிளம்புகிற வீடுகளில் நாலு மணிக்கே புகை வாசனை வந்துவிடும்.

அப்படி ஒரு வீட்டின் பெரியவருக்கு லண்டனிலிருந்து வீடியோ காலில் இளைய மகன் பேசினான்.

"அப்பா, இந்த வீட்டுல பாய்லர் மாத்தணும். காம்பி பாய்லர் வைக்கிறதா, பெரிய சிலிண்டர் வைக்கிறதான்னு முடிவே பண்ண முடியல."

"செம்புலயா, பித்தளையிலயா?" என்று கேட்டார் அப்பா.

மகன் சிரித்துவிட்டான். ஆனால் அதே வாரம் பெண்ணாடத்து வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. மூத்த மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று ஆறு பேர். பின்பக்கம் புதிதாக ஒரு பாத்ரூம் கட்டியாகிவிட்டது. கடைக்காரர் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரே போதும் என்கிறார். மருமகளுக்கு 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் வேண்டும். கல்யாண வீட்டில் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், "கேஸ் கீசர் வாங்குங்க, கரண்ட் பில்லே வராது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

லண்டன் கேள்வியை முதலில் பார்த்துவிடலாம். அது புரிந்தால் நம் ஊர்க் கேள்வி பாதி முடிந்த மாதிரி.

காம்பி பாய்லரில் வெந்நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும் கேஸ் பற்றிக்கொள்ளும்; ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும். வீட்டைக் கதகதப்பாக வைக்கும் வேலையும் அதற்கே. சிலிண்டர் என்பது வேறு முறை. ஆள் உயரத்துக்கு ஒரு மூடிய தொட்டி. அதில் நூறு, இருநூறு லிட்டர் வெந்நீர் எப்போதும் தயாராக இருக்கும். தெருக் குழாயின் அழுத்தத்திலேயே அது வேலை செய்வதால் இரண்டு பாத்ரூமில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஷவரில் நிற்கலாம். காம்பியில் அது கஷ்டம். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் சமையலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் ஷவர் சுருங்கிவிடும்.

லண்டனில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே போகும். அதை 40 டிகிரிக்கு மேல் ஏற்றி, நிமிடத்துக்கு 10 லிட்டர் ஷவரில் விட வேண்டுமானால் ஏறக்குறைய 24 கிலோவாட் சூடு தேவை. நம் ஊர் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் எட்டை ஒன்றாகப் போட்ட மாதிரி. கேஸ் குழாய் வீட்டுக்கு வீடு இருப்பதால்தான் அங்கே அது நடக்கிறது. மகன் வீட்டில் ஒரே பாத்ரூம், மூன்றே பேர். அவனுக்குக் காம்பி போதும். பதினைந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

பெண்ணாடத்து வீட்டுக்குத்தான் இரண்டு வாரம் ஆனது.

கடைக்குப் போனால் எல்லோரும் கேட்பது விலை, கம்பெனி, எத்தனை ஸ்டார். முதலில் பார்க்க வேண்டியது வாளியை. நம் வீடுகளில் பெரும்பாலும் வாளிக் குளியல்தான். ஒரு வாளிக்கு 18 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மார்கழி, தை விடியலில் பெண்ணாடம் பக்கம் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். மாடித் தொட்டித் தண்ணீர் 22 டிகிரி இருக்கும். அதை 40 டிகிரிக்குக் கொண்டுவர முக்கால் யூனிட்டில் பாதி மின்சாரம் போதும். எந்த கீசராக இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். 'இன்ஸ்டன்ட் கரண்ட் குடிக்காது' என்பதும், 'ஸ்டோரேஜ்தான் சிக்கனம்' என்பதும் கடைப் பேச்சு. இரண்டிலும் ஒரே மாதிரி காயில்தான் தண்ணீரைச் சுடுகிறது. ஸ்டோரேஜில் கூடுதலாக வீணாவது, சுட்ட தண்ணீர் சும்மா நின்று ஆறும்போது போகும் சூடு மட்டும்தான். ஸ்டோரேஜ் கீசரில் ஒட்டியிருக்கும் ஸ்டார் அதைத்தான் அளக்கிறது. குளிப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டில் அந்த வீண் சொற்பம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? நேரத்தில். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் அந்த ஒரு வாளியை நிரப்ப ஏழரை நிமிடம் எடுக்கும். குழாயை வேகமாகத் திறந்தால் வாளி சீக்கிரம் நிரம்பும். ஆனால் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். இதுவும் மின் அழுத்தம் சரியாக 230 வோல்ட் இருந்தால்தான். காலையில் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும் நேரத்தில் 190 வோல்ட்டுக்கு இறங்கினால், 3 கிலோவாட் என்று எழுதியிருக்கிற கீசர் 2 கிலோவாட் வேலைதான் செய்யும். ஏழரை நிமிடம் பதினொன்றாகிவிடும். பள்ளி வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்போது பதினொரு நிமிடம் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது!

ஸ்டோரேஜ் கீசருக்கும் குறைந்த வோல்ட்டேஜில் நேரம் கூடும். ஆனால் அது நாம் காபி போடும்போதே சுட்டு வைத்துவிடும். 25 லிட்டர் தண்ணீரை 2 கிலோவாட் காயில் 60 டிகிரிக்கு ஏற்ற முப்பத்து மூன்று நிமிடம். அந்த 25 லிட்டரோடு பச்சைத் தண்ணீர் கலந்தால் கணக்குப்படி 52 லிட்டர் குளிக்கிற பதத்தில் கிடைக்கும். வெந்நீர் வெளியே போகப் போக உள்ளே பச்சைத் தண்ணீர் வந்து கலப்பதால் நடைமுறையில் இரண்டரை வாளி என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

ஆறு பேர் வீட்டுக்கு இது போதுமா? மருமகள் யார் எப்போது குளிக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தார். தாத்தாவும் பாட்டியும் ஐந்து மணிக்கு. பிள்ளைகள் ஏழு மணிக்கு. கணவர் எட்டரைக்கு விருத்தாசலம் கிளம்ப வேண்டும். ஆறு பேர் என்றாலும் இரண்டு இரண்டு பேராகத்தான் குளிக்கிறார்கள். நடுவில் கீசர் மறுபடி சுட நேரம் இருக்கிறது. "மாமா, 25 லிட்டரே தாராளம். 50 லிட்டர் வேண்டாம்" என்று அவர் சொன்னபோது மாமனாருக்குப் பாதி நிம்மதி.

தனியாக இருப்பவர், இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு, சமையலறை சிங்க் ஆகியவற்றுக்கு இன்ஸ்டன்ட் நல்ல பொருள். ஷவரில் குளித்தே பழகியவர்கள் அதை வாங்கினால் ஒரே வாரத்தில் புலம்புவார்கள்.

இன்ஸ்டன்ட் வாங்குவதானால் வயரையும் பார்க்க வேண்டும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். ஃபேனும் லைட்டும் ஓடுகிற மெல்லிய வயரில் பிளக்கை மாற்றி மாட்டினால் சுவருக்குள்ளேயே வயர் சூடாகும். 16 ஆம்பியர் பிளக், அதற்கென்று போர்டிலிருந்து தனி வயர், ஒழுங்கான எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இவ்வளவும் வேண்டும். எர்த்தும் ஆர்சிசிபியும் ஸ்டோரேஜுக்கும் கட்டாயம். வாளிக்குள் ஹீட்டர் கம்பியைத் தொங்கவிட்டு, ஸ்விட்சை அணைக்காமல் விரலை விட்டுச் சூடு பார்க்கிற பழக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. கீசர் வாங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் அதை நிறுத்த வேண்டும்.

கரண்ட் பில்லுக்கு வருவோம். ஆறு வாளிக்கு ஒரு நாளைக்கு இரண்டே கால் யூனிட். இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 135 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் 2022-ல் வந்த கட்டண மாற்றத்தின்படி, 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே 101-லிருந்து 200 வரை உள்ள யூனிட்டுக்கும் விலை இரட்டிப்பானது. ஏற்கெனவே ஏ.சி., மோட்டார் என்று 400-ஐ ஒட்டி ஓடுகிற வீட்டில் கீசர்தான் அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கும்.

இதற்குப் பாட்டி ஒரு வழி சொன்னார். "காலையில மோட்டாரைப் போட்டுப் பாருங்க. போர் தண்ணி வெதுவெதுன்னு வரும். ராத்திரியே தொட்டிய ரொப்பி வச்சா பனியில ஆறிப்போயிடும்."

பாட்டி சொன்னதில் அறிவியல் இருக்கிறது. மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும் தண்ணீர் வருடம் முழுக்க கிட்டத்தட்ட ஒரே சூட்டில், ஊரின் சராசரி வெப்பத்தை ஒட்டி, இந்தப் பக்கம் 28 டிகிரி வாக்கில் இருக்கும். 22-லிருந்து 40-க்கு ஏற்றுவதற்குப் பதில் 28-லிருந்து ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம். அந்த 135 யூனிட் 90 ஆகிவிடும். ராத்திரி மாடித் தொட்டியை நிரப்பும் வழக்கத்தை விடியலுக்கு மாற்றினால் போதும், செலவே இல்லை.

சோலார்? வெயில் ஊர்தானே என்று தோன்றும். கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியே இருக்கும். வெந்நீர் தேடுகிற நேரமும் அதுதான். மொட்டை மாடியும் முதலீடும் இருப்பவர்கள் வைக்கலாம். அப்போதும் துணைக்கு ஒரு கீசர் வேண்டியிருக்கும்.

பாட்டி புகழ்ந்த அதே போர் தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற உப்பு, கீசருக்குள் காயில் மேலும் படியும். தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாகப் படியும். காயிலைச் சுற்றி ஓடு கட்டினால் சூடு வெளியே வராமல் காயிலே எரிந்துபோகும். அதனால் தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் திருகவே கூடாது. தொட்டிக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். இரும்பு அரிக்காமல் இருக்க, அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் ஊரில் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும். சர்வீஸுக்கு வருகிறவரிடம் நாமே கேட்காவிட்டால் பெரும்பாலும் அதைத் தொட மாட்டார்கள்.

60 டிகிரித் தண்ணீர் தோலில் பட்டால் சில நொடிகளில் வெந்துவிடும். குழந்தைகள், வயதானவர்கள் குளிக்கிற பாத்ரூமில் வாளிக்கு முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். இந்த வரிசை மாறக் கூடாது.

இனி அந்தக் கேஸ் கீசர். மகனின் காம்பி பாய்லரும் கேஸில்தான் ஓடுகிறது, தொட்டி இல்லாமல்தான் சுடுகிறது. அப்புறம் ஏன் அங்கே சரி, இங்கே ஆபத்து?

காம்பி பாய்லர் எரிவதற்கான காற்றை வீட்டுக்குள்ளிருந்து எடுப்பதில்லை. மூடிய பெட்டிக்குள் எரிகிறது; சுவரைத் துளைத்துப் போகும் குழாய் வழியாக வெளிக்காற்றை இழுத்து, புகையையும் வெளியே விடுகிறது. பதிவு பெற்ற கேஸ் ஆட்கள் மட்டும்தான் அதைப் பொருத்தலாம். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், புதிதாகப் பொருத்தும்போது கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைத்தாக வேண்டும்.

நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேஸ் கீசர், மாட்டியிருக்கிற அறையின் காற்றையே குடித்து, அதே அறைக்குள் புகையை விடுகிறது. ஐந்தடிக்கு ஆறடி பாத்ரூம், எட்டடி உயரம். 10 கிலோவாட் கேஸ் கீசர் பத்து நிமிடம் எரிந்தால் அந்த அறைக் காற்றில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கின் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மார்கழிக் குளிருக்கு வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருப்பார்கள், கதவும் சாத்தியிருக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, பிறகு நினைவு தப்பிவிடும். தாழ்ப்பாளைத் திறக்கக் கை வராது. இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் ஏற்கெனவே கேஸ் கீசர் இருந்தால்? கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே, திறந்த கொல்லைச் சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்று உள்ளேயே விட்டுவைப்பது நியாயமில்லை. ஃபேன் ஓட மறந்த ஒரு நாள் போதும். குளிக்கப் போனவர் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லையென்றால் கதவை உடைத்து, ஆளைத் திறந்த வெளிக்குத் தூக்கி வந்து, கேஸை மூடிவிட்டு, உடனே 108-க்கு அழைக்க வேண்டும்.

கேஸ் பேச்சு அந்த வீட்டில் அதோடு முடிந்தது. "கரண்ட் பில்லு வந்தா கட்டிக்கலாம்" என்றார் தாத்தா.

புது கீசருக்கு வயர் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், பழைய பாத்ரூமில் மாட்டியிருந்த 15 லிட்டர் கீசரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, இந்த வால்வை யாரு அடைச்சது?"

"அது ஒழுகிக்கிட்டே இருந்துச்சு தம்பி. போன வருஷம் பிளம்பர் வந்து டம்மி போட்டு அடைச்சாரு. அதுலேர்ந்து ஒரு சொட்டு இல்ல" என்று பெருமையாகச் சொன்னார் பெரியவர்.

எலக்ட்ரீஷியன் முதலில் ஸ்விட்சை அணைத்தார். "அது ஒழுகல் இல்லீங்க ஐயா. மூச்சு விடுது."

தண்ணீர் சூடானால் பெருகும். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய இரண்டு டம்ளர் அளவு கூடுகிறது. கீசரின் பச்சைத் தண்ணீர்க் குழாயில் கட்டைவிரல் அளவில் மாட்டியிருக்கும் பித்தளை வால்வு, சுட்ட தண்ணீர் தொட்டிக்குத் திரும்பாமல் தடுக்கிறது. அழுத்தம் கூடினால் அந்தக் கூடுதல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. அதை அடைத்துவிட்டால் கீசர் மூடிய குண்டா ஆகிவிடும். உப்பு படிந்து தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேல் இருக்கிற கட்‌அவுட்டும் வேலை செய்யாத ஒரு நாளில், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்க வழியில்லாமல் உள்ளேயே அழுந்தி நிற்கும். எங்காவது தகடு விட்டுக்கொடுத்தால் ஒரு லிட்டர் தண்ணீர் நொடியில் 1,600 லிட்டருக்கும் மேல் ஆவியாகும். சுவரோடு பெயர்த்துக்கொண்டு போகும்.

லண்டனில் மகன் யோசித்த அந்தப் பெரிய சிலிண்டரும் இதே வகைதான். அளவு மட்டும் பெரிது. 15 லிட்டருக்கு மேற்பட்ட அப்படிப்பட்ட சிலிண்டரைத் தகுதி பெற்றவர்தான் பொருத்த வேண்டும், வால்விலிருந்து வரும் தண்ணீர் பாதுகாப்பான இடத்துக்குப் போகத் தனிக் குழாய் வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. நம் வீட்டில் அதையே ஒரு டம்மியும் கொஞ்சம் டெஃப்லான் டேப்பும் வைத்து அடைத்துவிடுகிறோம்.

இப்போது இதைப் படிக்கிறவர்கள் பாத்ரூமுக்குப் போய் கீசருக்குக் கீழே ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். வால்வு இருக்கிறதா? அதன் வாய் திறந்திருக்கிறதா? கீசர் சுடும்போது சொட்டினால் நல்லது. கீசர் அணைந்திருக்கும்போதும் விடாமல் ஓடினால்தான் வால்வு கெட்டிருக்கிறது. அப்போது புது வால்வு மாற்ற வேண்டும், அடைக்கக் கூடாது. கீசரிலிருந்து வெளிவரும் வெந்நீர்க் குழாய் சாதாரண வெள்ளை பிவிசியா, சூடு தாங்கும் சிபிவிசியா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும்.

அன்று சாயங்காலமே பழைய கீசரின் டம்மி கழன்று புது வால்வு ஏறியது. புது பாத்ரூமில் 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் மாட்டியாகிவிட்டது. செம்புப் பாய்லரை எடைக்குப் போடலாம் என்று மூத்த மகன் சொன்னபோது பாட்டி சம்மதிக்கவில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை அவர் மறக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்து, அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

புது கீசரின் வால்விலிருந்து ஒரு சின்ன ட்யூபைச் சுவருக்கு வெளியே விட்டிருக்கிறார் எலக்ட்ரீஷியன். பச்சைத் தண்ணீர்ப் பக்கம் என்பதால் சொட்டுவது சுடுவதில்லை. அதற்குக் கீழே மருமகள் ஒரு செம்பருத்தித் தொட்டியை நகர்த்தி வைத்திருக்கிறார். தினமும் காலையில் தாத்தா போய் மண் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறார்.